ஆறு லீவர் பூட்டின் நலத்திட்டங்கள்

முன்பொரு காலத்தில் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை அறையில் ஓர் இரும்பு பீரோ இருந்தது. பிள்ளைகளுக்கென்று வந்த பொருளெல்லாம் அதற்குள்தான் குடியிருந்தன. பிள்ளை என்றால் எப்படி இருக்கும் என்று அவற்றில் ஒன்றுக்கும் தெரியாது.

பீரோவின் சொந்தப் பூட்டு எப்போதோ கெட்டுப்போய்விட்டது. கதவில் ஒரு கொண்டி அடித்து, அதில் ஒரு திண்டுக்கல் பூட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். நல்ல கனமான ஆசாமி. நெற்றியில் பொடிப்பொடி எழுத்தில் 'ஆறு லீவர், அசல் கைவேலை, திண்டுக்கல்' என்று பொறித்திருந்தது. இவ்வளவு இருந்தும் அந்த எழுத்தை இதுவரை ஒருவரும் நின்று படித்ததில்லை என்பது பூட்டுக்கு மனக்குறை.

அதன் பெண்டாட்டி சாவி. தலைமையாசிரியை ஜெபராணி டீச்சரின் கைப்பையில் இருந்தபடி வகுப்பறை, பஸ், மீன் மார்க்கெட் என்று ஊர் சுற்றிவிட்டு வரும். தினமும் காலையில் டீச்சர் பீரோவைத் திறந்து, எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறதா என்று பார்த்து மூடுவார். அந்தக் கொஞ்ச நேரத்தில் சாவி ஊர்ச்செய்தி சொல்லும். "உலகம் கெட்டுக் கிடக்கு" என்று பூட்டு தீர்ப்பு சொல்லும். குடும்பம் இப்படியே நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் சாவி மூச்சிரைக்க வந்தது.

"ஏங்க, வெளிய ஒரே கூட்டம். பள்ளிக்கூடத்துக் கமிட்டிக்கு எலெக்‌ஷனாம். புள்ளைகளுக்கு வர்ற உதவியெல்லாம் ஒழுங்காப் போய்ச் சேருதான்னு பாக்க ஒரு ஆளு எடுக்காங்களாம்."

பூட்டுக்குச் சுருக்கென்றது. "உதவியெல்லாம் இருக்கது இங்க. பாக்கதுக்கு ஆளு அங்கயா? இது எந்த ஊரு நியாயம்?"

அன்றே பீரோவுக்குள் ஒரு தேர்தல் அறிவிக்கப்பட்டது. பதவியின் பெயர் நலத்திட்டப் பொறுப்பாளர். அறிவித்தது பூட்டு, முதல் வேட்பாளரும் பூட்டு. கதவிடுக்கு வழியாக அது உள்ளே பார்த்துப் பேசத் தொடங்கியதும், வீட்டுப் பேச்செல்லாம் போய் மேடைத் தமிழ் வந்து உட்கார்ந்துகொண்டது.

"அன்பார்ந்த பெருமக்களே! என்னிடம் பொறுப்பை ஒப்படையுங்கள். உங்களில் ஒருவர் காணாமல் போனாலும் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். உங்கள் மேல் ஒரு கீறல் விழாது. எண்ணெய்க் கை, மண் கை, மூக்கைத் துடைத்த கை, எந்தக் கையும் உங்களை நெருங்க விடமாட்டேன். வந்த அன்று இருந்தது போலவே என்றென்றும் இருப்பீர்கள். இதைவிட நலம் என்று ஒன்று உண்டா?"

"அப்படிச் சொல்லுங்க!" என்றது முதலுதவிப் பெட்டி. அதுதான் உள்ளே சீனியர். மேல்தட்டில் உட்கார்ந்திருக்கும். "நான் வந்ததுல இருந்து எம் மூடிய ஒருத்தரும் திறந்தது கெடையாது. எத்தனை ஆய்வுக்கு ஆளு வந்தாச்சு, எல்லாரும் என்னைப் பாத்து 'ஃபுல்லா இருக்கு, வெரிகுட்'னு சொல்லிட்டுத்தான் போயிருக்காங்க."

"திறந்தா நாறும். அதான் தொறக்கல" என்று கீழ்த்தட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

அது கைப்பந்து. விலைச்சீட்டு கூடப் பிய்க்காமல் வலைப்பைக்குள் கிடந்தது. காற்று இறங்கிச் சப்பையாகிப் போயிருந்தாலும் வாய்க்கு மட்டும் குறைவில்லை.

"நானும் நிக்கேன்" என்றது பந்து. "எனக்குத் திட்டம் கிட்டமெல்லாம் கெடையாது. கதவு திறந்தா உருண்டு வெளிய போவேன். எம் பின்னாலயே நீங்களும் வந்திருங்க. அம்புட்டுத்தான்."

"உருளுவதற்கு முதலில் காற்று வேண்டுமே, தம்பி" என்றது பூட்டு. பீரோ முழுக்கச் சிரிப்பு. கட்டுப் பிரிக்காத கதைப்புத்தகங்கள் சிரித்தன. செய்தித்தாளுக்குள் ஒளிந்துகொண்டிருந்த நாப்கின் கட்டுகூட அடக்க முடியாமல் சிரித்துவிட்டது.

அப்போது நடுத்தட்டில் ஒரு மூக்குக்கண்ணாடி எழுந்தது. கண் பரிசோதனை முகாம் முடிந்து சமீபத்தில் வந்த இளசு. அதன் கூட்டின் மேல் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது: 'மாரிச்செல்வி, ஏழாம் வகுப்பு'. மற்றவர்களெல்லாம் பொதுவாகப் பிள்ளைகளுக்கு என்று வந்தவர்கள். ஒரே ஒரு பிள்ளைக்கென்று அளவெடுத்துச் செய்யப்பட்டது கண்ணாடி மட்டும்தான்.

"எனக்கு ஒரு கேள்வி. மாரிச்செல்விக்குத் தூரத்துல இருக்கது தெரியாதாம். எங்க டாக்டர் சொன்னாரு. நான் எப்ப அவ கிட்டப் போவேன்?"

பூட்டு இந்த மாதிரிக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. வேட்பாளருக்குப் பதில் தெரியாதபோது வாக்குறுதிதான் கைகொடுக்கும் என்பது அதற்கும் தெரிந்திருந்தது.

"மிக நல்ல கேள்வி. உரிய நாளில் போவாய். வாக்குக் கொடுக்கிறேன், இந்தப் பீரோவிலிருந்து முதலில் வெளியே போகப்போவது நீதான். அதுவரை உன் மேல் தூசி படாது."

வாக்கெடுப்பு நடந்தது. பூட்டுக்குப் போடுகிறவர்கள் பீரோவின் தகரத்தில் ஒரு தட்டு தட்ட வேண்டும். டக் டக்கென்று தட்டு விழுந்தது. கண்ணாடி கொஞ்சம் யோசித்துவிட்டு அதுவும் தட்டியது. பந்து தனக்குத்தானே போட்டுக்கொண்ட ஓட்டு பொத்தென்று கேட்டது. அதைச் செல்லாத ஓட்டு என்று முதலுதவிப் பெட்டி அறிவித்துவிட்டது.

பதவி வந்ததும் பூட்டு இன்னும் கொஞ்சம் கனத்தது போலத் தெரிந்தது. திங்கட்கிழமைதோறும் பிரார்த்தனை முடிந்ததும் ஆய்வுக் கூட்டம். "எல்லாரும் நலமா?" என்று பூட்டு கேட்கும். "நலம், நலம்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். "யாரையாவது யாராவது தொட்டார்களா?" "இல்லை, இல்லை." "திட்டங்கள் செவ்வனே நடைபெறுகின்றன" என்று பூட்டு கூட்டத்தை முடிக்கும்.

வெளியே என்ன நடக்கிறது என்பதைச் சாவிதான் சொல்லிக்கொண்டிருந்தது.

"அந்த மாரிச்செல்வி புள்ளைக்குப் போர்டு தெரியலையாங்க. பக்கத்துப் புள்ள நோட்டைப் பாத்து எழுதிருக்கா. கணக்கு சாரு காப்பியடிக்கான்னு நெனச்சுக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பிட்டாரு."

"போர்டு தெரியாத புள்ளைய இன்னும் தூரத்துக்கா?"

"ஆமா. அங்க போன பொறகு சுத்தமாத் தெரியல. பரீட்சையில முட்டை. இப்ப மக்குப் புள்ளைகளுக்குன்னு சாயங்காலம் தனி வகுப்பு வச்சு அதுல சேத்திருக்காங்க."

பூட்டு பூரித்துப்போனது. "பாத்தியா, இன்னொரு நலத்திட்டம்! நாலு பக்கமும் இருந்து அந்தப் புள்ளைய எப்படித் தாங்குதோம் பாரு."

"அந்த வகுப்பும் போர்டுலதாங்க நடக்குது" என்றது சாவி.

பூட்டு பேச்சை மாற்றியது.

கண்ணாடி ஒவ்வொரு கூட்டத்திலும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது. உரிய நாள் என்பது எது என்று பூட்டுக்குப் பிறகுதான் தெரிந்தது. இலவசப் பொருளென்றால் அதைச் சும்மா எடுத்துக் கொடுத்துவிட முடியாது. விழா எடுக்க வேண்டும். பந்தல் போட வேண்டும். பதவியில் இருக்கும் ஒரு பெரியவர் வந்து தன் கையால் கொடுத்துப் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். பெரியவருக்குத் தேதி கிடைக்கவில்லை. ஒரு தேதி கிடைத்தபோது ஊரில் ஒரு கல்யாணம் குறுக்கே வந்தது. இன்னொரு தேதியில் அவருக்குச் சளி பிடித்துவிட்டது. இதை உள்ளே சொன்னால் கூட்டத்தில் சலசலப்பு வரும் என்பதால் 'பரிசீலனையில் இருக்கிறது' என்று பூட்டு சொல்லி வைத்தது.

அந்தச் சமயத்தில்தான் மாரிச்செல்வியின் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். பீடி சுற்றுகிற வேலையைப் பாதியில் போட்டுவிட்டு மகளையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்து, பீரோவுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"டீச்சர், புள்ளைக்குக் கண்ணாடி வந்திருக்காம்லா. குடுத்தீங்கன்னா போர்டைப் பாத்துப் படிச்சிருவா. மக்கு மக்குன்னு எல்லாரும் சொல்லிச் சொல்லி, இப்ப அவளே அப்படித்தான்னு நம்ப ஆரம்பிச்சுட்டா. பள்ளிக்கொடத்துக்குப் போக மாட்டேன்னு அழுதா. பீடி சுத்த எங்கூட உக்காந்திருதேங்கா."

ஜெபராணி டீச்சர் பொல்லாதவர் இல்லை. அவருக்குப் பயம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

"எனக்கு மட்டும் ஆசையா, உள்ள வச்சுப் பூட்டணும்னு? இப்ப உங்கிட்டக் குடுத்துட்டேன்னு வையி, நாளைக்குப் பெரியவுக வந்து நிக்கும்போது அவுக கையில நான் எதை எடுத்துக் குடுக்க? கொஞ்சம் பொறும்மா. தேதி கெடச்சிரும்."

அதற்குள் போன் அடித்தது. டீச்சர் பேசப் போய்விட்டார். அம்மா தலைகுனிந்து நின்றாள். மாரிச்செல்வி சும்மா நிற்காமல் பீரோவின் பக்கம் திரும்பினாள். பளபளவென்று ஏதோ தொங்குவது மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கண்ணை இடுக்கிக்கொண்டு குனிந்து, இன்னும் குனிந்து, மூக்கு பித்தளையில் முட்டும்வரை வந்துவிட்டாள்.

பூட்டு அதுவரை ஒரு பிள்ளையை இவ்வளவு கிட்டத்தில் கண்டதில்லை. எண்ணெய் வழிகிற நெற்றி, காதோரம் சாக்பீஸ் தூள். வெதுவெதுப்பான மூச்சு பட்டு அதன் முகம் மங்கியது. மாரிச்செல்வி பாவாடை நுனியால் அந்த மங்கலைத் துடைத்துவிட்டுப் படித்தாள்.

"ஆறு லீவர். அசல் கைவேலை. திண்டுக்கல்."

ஒரு தடங்கல் இல்லை, ஒரு திக்கல் இல்லை. அத்தனை பொடி எழுத்தைக் கடகடவென்று படித்துவிட்டாள். மக்கு என்று தனி வகுப்பில் போட்ட பிள்ளை.

"யாரு அது படிச்சது?" என்று உள்ளேயிருந்து கண்ணாடி கேட்டது.

"யாரோ" என்றது பூட்டு. பதவிக்கு வந்தபின் அது தெரிந்தே சொன்ன முதல் பொய் அதுதான்.

அன்றைக்கு முழுக்க அதற்கு ஒன்றும் ஓடவில்லை. தன் பெயரை உலகத்தில் முதன்முதலாக வாய்விட்டுப் படித்தவளுக்குத் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று நினைத்து நினைத்து வெட்கப்பட்டது. மறுநாள் சாவி வந்ததும் அதனிடம் எல்லாவற்றையும் சொன்னது.

"ஒரு தடவ மூடாமத் திறந்தே தொங்கினாத்தான் என்னங்க?" என்றது சாவி.

"ஏ புள்ள, வெளங்காமப் பேசாத. மூடுதவரைக்கும்தான் எனக்கு மரியாதை. திறந்தே தொங்கினா என்னை யாரு பூட்டும்பா? வளையம்னு எடுத்து ஆணியில மாட்டிருவாங்க."



ஒருவழியாகத் தேதி கிடைத்தது. பள்ளிக்கூடத்து முற்றத்தில் பந்தல் எழுந்தது. பிள்ளைகளைக் காலையிலேயே வெயிலில் உட்கார வைத்தார்கள். பெரியவர் வந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. பீரோவைத் திறந்து பொருட்களை மேடைக்கு எடுத்துப்போனார்கள். முதலில் எடுத்தது கண்ணாடியைத்தான். திறந்த கொண்டியில் தொங்கிக்கொண்டு, வாசல் வழியாகப் பூட்டு எல்லாவற்றையும் பார்த்தது.

பெரியவர் கண்ணாடியை மாரிச்செல்வியின் மூக்கில் மாட்டினார். படம் பிடிக்கிறவர் இன்னொரு முறை மாட்டச் சொன்னார். மாட்டினார். மாரிச்செல்வி கேமராவைப் பார்க்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு முற்றத்தையே பார்த்தாள். திடீரென்று கத்தினாள். பக்கத்தில் மைக் இருந்ததால் ஊருக்கே கேட்டது.

"எம்மா! வேப்பமரத்தடியில நிக்கது நீயா? ஏம்மா அழுத?"

கூட்டம் சிரித்தது. மரத்தடியில் நின்ற அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பூட்டுக்குள் ஆறு லீவரும் ஒருசேர ஆடின.

பெரியவர் போனார். பந்தல் பிரிந்தது. ஜெபராணி டீச்சர் கையில் ஒரு கூடையோடு பிள்ளைகளிடம் வந்தார்.

"எல்லாத்தையும் இதுல போடுங்க. அடுத்த வாரம் ஆய்வுக்கு வாராங்க. அதுக்குள்ள ஒடச்சு வச்சீங்கன்னா நான் பதில் சொல்ல முடியாது. ஆய்வு முடியட்டும், தாரேன்."

மாரிச்செல்வி கண்ணாடியைக் கழற்றிப் போட்டாள். போடும்போது அவள் கட்டைவிரல் பட்டு அதன் ஒரு கண்ணில் கறை விழுந்தது. நடக்கையில் பந்தல் குழியில் கால் இடறினாள்.

பீரோ மறுபடியும் நிறைந்தது. "ஆகா, ஒரு சேதாரம் இல்லாமத் திரும்பிட்டோம்!" என்று முதலுதவிப் பெட்டி நிம்மதிப் பெருமூச்சு விட்டது. நடுத்தட்டிலிருந்து கண்ணாடி மெல்லக் கூப்பிட்டது.

"பொறுப்பாளரே, நீங்க சொன்ன மாதிரியே முதல்ல நான்தான் வெளிய போனேன். கீறலும் இல்ல. திரும்பிக் கொண்டாந்துருவாங்கன்னு மட்டும் நீங்க சொல்லல."



டீச்சர் கதவைச் சாத்தி, பூட்டைக் கொண்டியில் மாட்டி, வளையத்தை அழுத்தினார். அது உள்ளே இறங்கவில்லை. மறுபடி அழுத்தினார். சாவியைப் போட்டுத் திருப்பினார். சாவியும் நடுவழியில் நின்றுகொண்டது.

"ஏங்க, பயமா இருக்கா?" என்று சாவி கிசுகிசுத்தது.

"இருக்கு. நீ தொணைக்கு நில்லு."

உள்ளே அமளி. "என்னய்யா நடக்கு? மூடும்!" என்று முதலுதவிப் பெட்டி கூவியது. "உம்ம தேர்தல் வாக்குறுதி என்னாச்சு? இது நம்பிக்கைத் துரோகம்!"

"கண்ணாடிக்கும் ஒண்ணு சொன்னேன், அந்தப் புள்ள கிட்டப் போய்ச் சேரலாம்னு" என்றது பூட்டு. மேடைத் தமிழ் அதனிடமிருந்து போயே போய்விட்டது. "அதைத்தான் இப்ப செஞ்சிட்டிருக்கேன்."

"அண்ணாச்சி, விட்டுராதீரும்!" என்று பந்து கத்தியது.

தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தார்கள். பூட்டு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. டீச்சர் விளையாட்டு ஆசிரியர் சங்கரலிங்கம் சாரைக் கூப்பிட்டார். அவர் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, வெளியே போய் ஒரு செங்கல்லோடு வந்தார். வளையம் இறங்கட்டும் என்று ஒரு போடு போட்டார். இன்னொரு போடு. மூன்றாவது அடியில் பூட்டின் வாய் கிழிந்து, லீவர்கள் எல்லாம் வெளியே தெரிந்தன.

"இதுக்கு ஆயுசு முடிஞ்சுது டீச்சர்" என்றார் சார்.

"கடைக்கு ஆளனுப்பி ஒரு புதுப் பூட்டு வாங்கிட்டு வரச் சொல்லுங்க, சீக்கிரம்."

"கடை ஏது? பெரியவரு வாராருன்னு காலையிலயே கடைத்தெருவ அடைக்கச் சொல்லிட்டாங்கல்லா. நாளைக்கும் மறுநாளும் லீவு வேற."

டீச்சருக்கு வியர்த்தது. பூட்டில்லாத பீரோவில் இத்தனை பொருள். ஒன்று காணாமல் போனாலும் தன் தலையில்தான் விடியும். இதுவரை எதைக் கண்டு பயந்து எல்லாவற்றையும் உள்ளே வைத்திருந்தாரோ, அதே பயம் இப்போது அவரைப் பிடித்து எதிர்ப்பக்கமாகத் தள்ளியது.

"வீட்டுக்குக் கிளம்புத புள்ளைகளக் கூப்பிடுங்க! அவுகவுக சாமானை அவுகவுக கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போகட்டும். வச்சிருக்கவுகதான் பொறுப்பு. ஆய்வுக்கு வார அன்னைக்கு எல்லாரும் மறக்காமக் கொண்டு வந்துரணும், என்ன?"

இவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் ஒரு பிள்ளை மக்காகிக் கடைசி பெஞ்சு வரை போய் வந்தாள்.

பீரோ காலியாகத் தொடங்கியது. கதைப்புத்தகக் கட்டுப் பிரிந்தது. நாப்கின் கட்டை ஒரு டீச்சர் எடுத்துப்போய்ப் பெண்பிள்ளைகளின் அறையில் வைத்தார். பந்துக்குச் சங்கரலிங்கம் சார் பம்பு கொண்டு காற்றடிக்க, அது "நான்தாம்டா அப்பவே சொன்னேன்!" என்று கூச்சலிட்டுக்கொண்டே வாசல் தாண்டி ஓடியது. முதலுதவிப் பெட்டியை அன்றுதான் முதன்முதலாகத் திறந்தார்கள். திறந்த வேகத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு மூடினார்கள். கண்ணாடி மாரிச்செல்வியின் மூக்கில் ஏறி உட்கார்ந்து, கறை போகத் துடைக்கப்பட்டு, அம்மாவின் கையைப் பிடிக்காமல் அவள் முன்னால் நடக்க, வீட்டுக்குப் போனது.

உடைந்த பூட்டைத் தூக்கிப் போட மனமில்லாமல், சங்கரலிங்கம் சார் அதைச் சாவியோடு சேர்த்து ஒரு கம்பியில் கட்டி ஜன்னலில் மாட்டிவைத்தார். முற்றத்தைப் பார்த்த ஜன்னல். சாவிக்கு இனி மீன் மார்க்கெட் இல்லை. "போனாப் போகுது, இங்க இருந்தே எல்லாம் தெரியுதே" என்று அது சமாதானம் சொல்லிக்கொண்டது.

லீவு முடிந்ததும் பீரோவுக்குப் புதுப் பூட்டு வந்தது. சாவியே தேவையில்லாத நம்பர் பூட்டு. வந்த கையோடு கதவிடுக்கைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டது.

"அன்பார்ந்த பெருமக்களே! நான் பொறுப்பேற்ற பின் இந்தப் பீரோவிலிருந்து ஒரு பொருள்கூடக் காணாமல் போகவில்லை என்பதைப் பெருமையோடு..."

உள்ளேயிருந்து ஒரே ஒரு தட்டு கேட்டது. முதலுதவிப் பெட்டி.

"உள்ள அந்தப் பெட்டியத் தவிர ஒண்ணும் இல்லைன்னு அதுகிட்ட யாராவது சொன்னா என்ன?" என்றது சாவி.

"சொல்லாத" என்றது பழைய பூட்டு. "அது பாட்டுக்கு நல்லா நிர்வாகம் பண்ணிட்டிருக்கு. ஏன் கெடுப்பானேன்?"

மணி அடித்தது. பிள்ளைகள் முற்றத்தின் அந்தக் கோடியில் இருக்கும் குழாயடிக்கு ஓடினார்கள். தண்ணீர் குடித்து நிமிர்ந்த ஒருத்தி ஜன்னலைப் பார்த்து நின்றாள். மூக்கில் கண்ணாடி. அங்கிருந்தபடியே, கண்ணை இடுக்காமல், பழைய பூட்டை அடையாளம் கண்டு, அன்று படித்ததைச் சத்தமாகச் சொன்னாள்.

"ஆறு லீவர். அசல் கைவேலை. திண்டுக்கல்."

உடைந்த பூட்டுக்கு வாயெல்லாம் பல்.